வெளியில போகாத மாப்பிள்ளை

லண்டன் செவன் கிங்ஸில் பஸ் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன் சீட்டில் இருந்தார்கள். மூத்தவர் மகளுக்குக் கலியாணம் பேசுகிறாராம்.

"பொடியன் குடிக்கிறேல்லை. வீட்டை விட்டு வெளிக்கிடுறதே இல்லையாம். அதுதான் எனக்குச் சந்தேகம்."

"அப்ப என்னக்கா செய்யிறான்?"

"கம்ப்யூட்டரில கேம். காதில ஹெட்செட்டைக் கொழுவிக்கொண்டு எந்த நேரமும் ஆரோடையோ கதையாம்."

"ஆரோடை?"

"அதைத்தான் விசாரிக்கிறம்."

"பிள்ளை என்ன சொல்லுறாள்?"

"கேம் விளையாடுறவன் வேண்டாமடி எண்டன். 'அவர் தோத்தாலும் கத்தமாட்டார் அம்மா' எண்டாள்."

"அது அவளுக்கு எப்பிடித் தெரியும்? போட்டோ காட்டினனீங்களோ?"

"அவளுக்கு இன்னும் பொடியன்ரை பேரே சொல்லேல்லை."

இளையவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"சிரியாதை. இவள் பிள்ளையும் அறைக்குள்ள ஹெட்செட்டைத்தான் கொழுவிக்கொண்டு இருக்கிறவள். நான் பாட்டுக் கேக்கிறாள் எண்டெல்லோ இருந்தன்."