பன்னிரண்டாவது கையெழுத்து

— அப்பம் நீ சொல்லுது என்னது ஸ்டெனி? ஏழு ஃபைனலும் தானாட்டு ஜெயிச்சிச்சா?

— தானாட்டு இல்லடே. நாம ஓடினோம், நாம ஜெயிச்சோம். மேனேசரு ஆபேல் சாரு கொடையும் பிடிச்சிட்டு லைனுக்கு வெளிய நின்னாரு. ஃபேக்ட பேசு பொன்னுலிங்கம்.

— கொடை பிடிச்சவரு போன பொறவு நம்ம பெத்தேல் ஃபுட்பால் கிளப்பு எத்தன கப்பு எடுத்துச்சு? அதும் ஃபேக்டு தான? எண்ணதுக்கு விரலே வேண்டாம், கேட்டியா.

— டீமுக்கு வயசாச்சு. ரிஜோ துபாய்க்கு போனான். டெனிஷு கல்யாணம் கெட்டினான், தொப்ப போட்டான். நான் சவுதிக்கு போனேன். பொறவு யாரு வெளையாட?

— சவம், எல்லாத்துக்கும் ஒரு பதிலு வச்சிருக்க. இந்த பேப்பர ஒருக்கா பாரு. பழைய டீமுல பன்னெண்டு பேரு. பதினொண்ணு கையெழுத்து விழுந்தாச்சு. அனில்குமாரு கொல்லத்துலேருந்து கூரியருல போட்டு அனுப்பிட்டான். ஒனக்க எடம் மட்டும் வெள்ளையா கெடக்கு.

— கெடக்கட்டு.

— கெடக்கட்டுன்னா? அன்னா அந்த மூலையில போர்டு பெயின்டு காயாம நிக்கி. ‘ஆபேல் நினைவு கேலரி’. எனக்க கையால எழுதினது. இத்தன வருசம் பெயின்டு கடை வச்சிருக்கேன், ஒரு போர்டையும் இப்பிடி திரும்ப திரும்ப அழிச்சு எழுதினதில்ல. சாருக்க மவ ஜெப்சி என்ன சொல்லியிருக்கா தெரியும்லா? கிரவுண்டு கேலரிக்கு அப்பாவுக்க பேரு வைக்கணும்னா பன்னெண்டு பேரும் மனசோட சம்மதிக்கணும், ஒருத்தரு வேண்டாம்னாலும் வேண்டாம்னு. நாளைக்கி சபைக் கமிட்டி. இப்பம் பேப்பரு வாங்க வந்திருவா.

— பேரு வைக்கதுக்கு ஒரு தகுதி வேண்டாமாடே? அந்த மனுசன் ஆயுசுல பந்துல கால வச்சதில்ல. ஸ்கூலுல ட்ராயிங் வாத்தியாரு. பூவும் கிளியும் வரைஞ்சிட்டு இருந்தவரு.

— அதனாலதான் நமக்கு களத்த வரைஞ்சு காட்டினாரு. மரச்சீனி ஓர்ம இருக்கா ஒனக்கு?

— இல்லாமயா?

— சாருக்க வீட்டுக்காரி நேசபாய் அக்கா பெரிய வட்டையில கெழங்க அவிச்சு குடுத்து விடுவாவ. சாரு பெஞ்சுல பதினொண்ணு துண்டு நிரத்தி வைப்பாரு. “இது டெனிஷு. இது ரிஜோ. ஏலே பொன்னுலிங்கம், நீ இங்கின நின்னா அவன் எந்த வழியா போவான்?” சரியா சொன்னவன் அந்த துண்ட தின்னலாம்.

— முக்காவாசி நீதான் தின்ன.

— பின்ன? ஸ்டாப்பர்லா நான். எல்லா வழியும் எனக்குதான் தெரியும். நீ கோலு காக்குத கோலி. ஒனக்க துண்டு பெஞ்சு ஓரத்துல ஆறிப்போயி கெடக்கும். கடைசியில சாரே அத எடுத்து, மொளவு சம்மந்தியில தொட்டு, ஒனக்க கையில தருவாரு. “கோலிக்கு கேள்வி கெடையாது, எல்லாவனுக்க தப்புக்கும் பதிலு சொல்லுதவன் அவன்”னு சொல்லுவாரு.

— ம்.

— என்ன ம்? சொன்னாரா இல்லியா?

— சொன்னாரு. சரி, மரச்சீனி வாய்க்கு கொள்ளாம். அதுவா மேனேசரு வேல?

— அப்பம் முட்டம் சந்த?

— அத எடுக்காத. அது சிஐடி வேல.

— சிஐடியோ என்னமோ. முட்டத்துக்காரனோட மேட்சுன்னா முந்தின நாளு சைக்கிள மிதிச்சிட்டு போயிருவாரு. சாள மீனுக்கு வெல கேக்கது மாதிரி நின்னு, எந்த வள்ளம் போச்சு, எவன் எவன் ஏறினான்னு எல்லாம் கேட்டுட்டு வருவாரு. “அவனுவளுக்க ரெண்டு ஃபார்வேடும் வல இழுத்துட்டு கரைக்கி வந்திருக்கானுவ மக்களே. முதல் பாதி ஓட விடுங்கோ. பொறவு பாருங்கோ, தோளு எறங்கும்”னு. எறங்கிச்சா?

— எறங்கிச்சு.

— வாங்கின சாளைய பூரா நமக்கு பொரிச்சும் தந்தாரு.

— நீ தீனிய விட்டா வேற ஒண்ணும் ஓர்ம வச்சிருக்க மாட்ட. ஒரு தடவ எறங்கல்லடே. தொண்ணூத்தி நாலு ஈஸ்டரு ஃபைனலு. முட்டத்துல, அவனுவளுக்க கிரவுண்டுல. எக்ஸ்ட்ரா டைமும் கழிஞ்சு ஒண்ணுக்கொண்ணு. அவனுவ நின்னானுவ, மல போல நின்னானுவ. அண்ணைக்கி எங்க போச்சு சிஐடி வேல?

— அண்ணைக்கும் நாமதான ஜெயிச்சோம்.

— எப்பிடி ஜெயிச்சோம்? அத சொல்லு. ஊரு ஒலகம் பூரா அந்தாள மந்திரவாதின்னு சொல்லுதானே, அது அந்த ஒரு மேட்சுலதான? பெனால்டிக்கு முன்ன என்ன வெளிய எடுத்தாரு. ஆட்டம் பூரா நின்ன என்ன! ரிசர்வ் கோலி, பதினேழு வயசு அனில்குமார எறக்கினாரு. அவன் கண்ண மூடிட்டு வலது பக்கமா ரெண்டு தடவ சாடினான். ரெண்டும் கையில பட்டுச்சு. சும்மா குருட்டு லக்கு. “ஆபேல் சாருக்க மூளய பாத்தியா”ன்னு தோளுல தூக்கிட்டு ஆடினானுவ.

— நானும் தூக்கினேன். கனம் கொறவுதான்.

— நீ சிரிப்ப. கேலரியில திருவனந்தபுரத்துலேருந்து ஆளு வந்து உக்காந்திருந்தாரு. வேலையோட டீமுல சேக்கதுக்கு, என்ன பாக்க வந்தவரு. போவும்போ யாருக்க பேர எழுதிட்டு போனாரு? அனில்குமாருக்க பேர. அவன் இப்பம் கொல்லத்துல ஆபீசரு. நான் சவுதியில, தமாமுல இருவத்தி மூணு வருசம் கிரேன் ஓட்டினேன். இந்த லாஜிக்க நீ சொல்லு, நான் எதுக்கு கையெழுத்து போடணும்?

— எனக்கு லாஜிக்கெல்லாம் தெரியாது மக்கா. எனக்கு ஓர்ம இருக்கது வேற. மேட்சுக்கு முன்ன, பின்ன, நடுவுல, எப்பம் பாத்தாலும் வட்டமாட்டு நிறுத்தி ஜெபம் பண்ணுவாரு. பத்து பேரு வேதக்காரனுவ, கண்ண இறுக்கி மூடிட்டு நிப்பிய. அனில்குமாரு பயந்துட்டு மூடுவான்.

— நீ முட்டக்கண்ண தொறந்து வச்சிட்டு நிப்ப. சாருட்ட ஏச்சு வாங்குவ.

— நாங்க அய்யாவழிக்காரனுவ, பதியில கண்ணாடிக்கி முன்னால நின்னு கும்பிடுதவனுவ. கண்ண மூடினா என்னத்த பாத்து கும்பிட? இத சாருட்ட சொன்னேன். “சரிதாம்ல, ஒனக்க அய்யா ஒன்ன பாத்துக்கிடுவாரு. ஆனா பராக்கு பாக்காத”ன்னாரு.

— அதெல்லாம் நல்ல நாளு பொன்னுலிங்கம்.

— நல்ல நாளுதான? அப்பிடி வா வழிக்கி. அந்த நாளு யாரு தந்தது?

— திரும்ப அங்கயே வாற பாத்தியா!

— பொன்னுலிங்கம் அண்ணே, பேப்பரு ரெடியா? அடடே, ஸ்டெனி அண்ணனும் இருக்கீங்களா! நல்லா இருக்கீங்களாண்ணே?

— வா ஜெப்சி. இருக்கேன். அம்மைக்கி எப்பிடி இருக்கு?

— முட்டு வலிதான். அண்ணன் ஊருக்கு வந்ததா சொன்னேன். “அவனுக்கு மரச்சீனி பிடிக்கும், கூட்டிட்டு வா”ன்னாங்க.

— நேசபாய் அக்கா அப்பிடியா சொன்னாவ?

— ஆமாண்ணே. அம்மா யாரையும் மறக்கல.

— ஜெப்சி, நான் ஒளிச்சு பேசுத ஆளு இல்ல. நான் இன்னும் கையெழுத்து போடல்ல.

— தெரியும்ணே. அதுல கோவம் இல்ல. வருத்தத்த வச்சிட்டு ஒருத்தரு போட்ட கையெழுத்து எங்களுக்கு வேண்டாம்னுதான் நானே சொன்னேன்.

— ஒங்க அப்பா ஏன் என்ன மாத்தினாருன்னு என்னைக்காவது வீட்டுல சொல்லியிருக்காரா?

— இல்லண்ணே. ஒங்க அப்பா கமிட்டிக்கு பெட்டிஷன் குடுத்தாங்கல்ல, “எனக்க மகனுக்க வாழ்க்கைய கெடுத்துட்டான்”னு. அப்போ கமிட்டியில கூப்பிட்டு கேட்டாங்க. “எனக்கு தோணிச்சு, மாத்தினேன்”, அவ்வளவுதான் சொன்னாரு. வேற ஒரு வார்த்த சொல்லியிருந்தா மேனேசர் பொறுப்ப அவருட்டேருந்து எடுத்திருக்க மாட்டாங்கன்னு அம்மா இப்பவும் சொல்லுவாங்க. அம்மாட்டயும் சொல்லல. “அது எங்க ரெண்டு பேருக்குள்ள உள்ளது நேசம்”னுதான் சொல்லுவாராம்.

— எங்க ரெண்டு பேருக்குள்ளயா? அப்பிடியா சொன்னாரு?

— ஆமா. அதுக்கப்புறம் அவரு கிரவுண்டுக்குள்ள கால் வைக்கல ஸ்டெனி அண்ணே. மேட்ச் நடந்தா மதிலுக்கு வெளிய சைக்கிள்ல ஒரு கால ஊணிட்டு நின்னு பாப்பாரு. நான் பின்னால கேரியர்ல இருப்பேன். எனக்கு மதில்தான் தெரியும். “உள்ள போலாம்பா”ம்பேன். “இங்கின நின்னாலே நல்லா தெரியுது மோளே”ம்பாரு. அவருக்கும் ஒண்ணும் தெரிஞ்சிருக்காது.

— நீ உள்ள வந்து உக்காரு ஜெப்சி.

— இல்ல, நீங்க பேசிட்டு இருங்கண்ணே. எதுத்தாப்புல அம்மாவுக்கு மருந்து வாங்கிட்டு அஞ்சு நிமிசத்துல வாறேன். கையெழுத்து இல்லன்னாலும் பரவாயில்ல. போர்டுல வேற பேரு எழுதிக்கலாம்.

— மெதுவா பாத்து ரோட்ட கடந்து போ பிள்ளே. பஸ்காரன் கண்ண மூடிட்டு வருவான்.

— பொன்னுலிங்கம்.

— சொல்லு.

— அந்த பேப்பர இங்க தா.

— கண்ணாடிய போடு மொதல்ல. சோடாபுட்டி சட்டப் பையில இருக்கு, நீ பேப்பர மூக்குல ஒரசுத.

— சவுதி வெயிலுல போன கண்ணு.

— அப்பிடியா?

— என்ன அப்பிடியா?

— ஒண்ணுமில்ல. தொண்ணூத்தி நாலுல, அந்த ஃபைனலுல, சூரியன் கடலுல எறங்கின பொறவு ரெண்டு கார்னரு வந்துது. ரெண்டுக்கும் நீ தப்பான எடத்துல சாடின. நான் தலையால தட்டி வெளிய தள்ளினேன். நீ சவுதிக்கு போனது அதுக்கடுத்த வருசம்.

— கோலின்னா ரெண்டு பந்து தப்பும்.

— தப்பும், தப்பும். நான் அத சொல்ல வரல்ல. பெனால்டிக்கு முன்ன சாரு ஜெபம் பண்ணினாருல்லா, நீ அவருக்க வலது பக்கம் நின்ன.

— ஆமா.

— ஆமென் சொன்ன ஒடனே “அனிலு, கையுறைய போடு”ன்னாரு.

— ஆமா. அதுக்கென்ன?

— எல்லாவனும் கண்ண மூடியிருந்தானுவ. நான் மூடல்லடே ஸ்டெனி.

— என்னத்தடே கண்ட?

— நீ அவருக்க காதுல என்னமோ சொன்ன. அவரு ஜெபத்த நிறுத்தல்ல. வாயி பாட்டுக்கு “கர்த்தாவே, கர்த்தாவே”ன்னு போச்சு. கை மட்டும் வந்து ஒனக்க பின்கழுத்துல, பெடதியில இருந்துச்சு. பொறவு நிமிந்தாரு. நான் முழிச்சிட்டு நிக்கியத கண்டாரு. இப்பிடி உதட்டுல வெரல வச்சாரு. அண்ணையிலேருந்து, நான் கண்ண மூடல்லன்னு அந்த மனுசன் என்ன ஏசினதே கெடையாது.

— முப்பது வருசமா இத வயித்துக்குள்ள வச்சிட்டா என்ட்ட பேசின நீ?

— அவரு பேசாம இருக்கச் சொன்னாரு. ஒனக்க அப்பா பெட்டிஷனு குடுத்த அண்ணைக்கி எனக்கு வந்துது பாரு ஒரு கோவம். நேரே சாருக்க வீட்டுக்கு போனேன். “சாரே, நான் வந்து கமிட்டியில சொல்லுதேன்”னேன். “என்ன சொல்லுவ? பராக்கு பாத்தேன்னு சொல்லுவியா?”ன்னு கேட்டு சிரிச்சாரு. ஒரு துண்டு மரச்சீனி எடுத்து தந்தாரு. திங்காம கையிலயே வச்சிட்டு வீட்டுக்கு வந்தேன்.

— அப்பாட்ட நான் பெட்டிஷனு குடுக்க சொல்லல்லடே.

— தெரியும்.

— ஆனா தடுக்கவும் இல்ல. அவரு சட்டய போட்டுட்டு எறங்கி போவும்போ நான் வாசல்லதான் இருந்தேன். வாய தொறக்கல்ல. அனிலு பேரு வந்த கடுப்பு ஒரு பக்கம். பொறவு ஊரெல்லாம் எனக்காக பாவப்பட்டுது. அந்த பாவத்த நான் விடல்ல, அத வச்சிட்டே சவுதிக்கி போனேன். இந்த போர்ட மாட்டினியன்னா ஒவ்வொரு மேட்சுக்கும் எவனாவது அந்த மாத்தின கதைய எடுப்பான். அதுக்கு கீழ நான் எப்பிடிடே உக்காருவேன்?

— காதுல என்ன சொன்னன்னு எனக்கு கேக்கல்ல. இப்பளும் நான் கேக்கல்ல.

— அந்த மேட்சுல மூளை அவருக்கதில்லன்னு நான் சொன்னது பொய்யில்ல பொன்னுலிங்கம்.

— பொய்யின்னு நான் சொன்னேனா? இந்தா பேனா. அன்னா ஜெப்சி வாறா.

— அண்ணே, மருந்து கெடச்சிட்டு. நான் அப்போ கெளம்பவா?

— நில்லு ஜெப்சி. கையெழுத்து போட்டாச்சு. இந்தா, பிடி.

— ஸ்டெனி அண்ணே! நெசமாவா? பொன்னுலிங்கம் அண்ணன் கட்டாயப்படுத்தினாங்களா?

— இல்ல பிள்ளே. மனசோட போட்டது. ஆனா அத பைக்குள்ள வைக்கதுக்கு முன்ன ஒண்ணு கேளு. நாளைக்கி கமிட்டியில எந்திரிச்சு நின்னு சொல்லணும், அம்மைக்கி முன்னாலயும் வந்து சொல்லணும், அதுக்கு முன்ன ஒனக்கிட்ட. அண்ணைக்கி ஒங்க அப்பா தானாட்டு என்ன மாத்தல்ல ஜெப்சி. “பந்து கண்ணுக்கு தெரியல்ல சாரே, தெரிஞ்சா வேலைக்கி மெடிக்கல்ல கழிச்சிருவானுவ, யாருட்டயும் சொல்லாதீங்கோ, என்ன வெளிய எடுத்துருங்கோ”ன்னு ஜெபத்துக்கு நடுவுல அவருக்க காதுல அழுதவன் நானாக்கும்.