பாதிப் போர்வை

நெருங்கி உட்காருங்கள். அந்த ஓரத்தில் இருப்பவரும் வந்துவிடட்டும்... பிறகு என்னைத் திட்டக்கூடாது.

ராத்திரி ஒன்றரை மணி. ஆத்தூர்ப் பாலத்துக்குத் தெற்கே, ஆள் அரவமில்லாத ரோடு. நாற்பத்து மூன்றாம் வருஷத்துக் கார்த்திகை மழை. என் கூட்டாளி தேவதாசனின் மச்சான் மரியானுக்கு நடந்தது இது. நல்ல டிரைவர். குடி கிடையாது, அதனால் போதையில் கண்டார் என்று சமாதானம் சொல்லவும் வழியில்லை.

மணப்பாட்டிலிருந்து தூத்துக்குடிக்கு வந்துகொண்டிருந்தார். லாரியின் பின்னால் கருவாட்டு மூட்டை. பக்கத்தில் மனைவி விக்டோரியா, குளிர் காய்ச்சலில் பல் கடகடவென்று அடிக்க. விடிவதற்குள் ஆஸ்பத்திரியில் சேர்க்கவேண்டும். பாலத்தின் மேல் வெள்ளம், வடியும்வரை நிற்கவேண்டியதுதான்.

சண்டைக் காலம், பெட்ரோல் கிடையாது. கரி லாரி. கேபினுக்குப் பின்னால் ஒரு இரும்பு அடுப்பு. அதில் கரி கனன்று வரும் வாயுவில்தான் வண்டி ஓடும். அணைத்தால் திரும்பக் கிளப்ப அரைமணி அடுப்புக் காற்றாடியைக் கையால் சுற்றவேண்டும். அணைக்காவிட்டால் கேபின் கதகதப்பாக இருக்கும்... ஆனால் அந்த வாயு கசிந்தால் மணமே தெரியாது. தூங்கினவன் தூங்கினவன்தான்.

மரியானுக்கும் அது தெரியும். ஆனால் முன்னால் ஒரு லாரி நின்றது. அதன் எஞ்சின் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. "அவன் போட்டிருக்கான், நமக்கென்ன" என்று கண்ணாடியை ஏற்றிவிட்டார். எனக்கு அவர்மேல் கோபம்தான். ஆனால் பெண்டாட்டி நடுங்குவதைப் பார்த்துக்கொண்டு யார்தான் அணைப்பார்கள்?

கொஞ்ச நேரம்... தலை கனத்தது. கண் சொருகியது.

டொக்... டொக்... டொக்.

கண்ணாடிக்கு வெளியே ஒரு ஆள். தலையில் நனைந்த சாக்கு. முகம் தெரியவில்லை.

"ஏலே, வண்டியை அணைச்சிரு. கண்ணாடியை எறக்கு."

"உம்ம வண்டி ஓடுதே?"

மறுபடி டொக், டொக். மரியான் எரிச்சலோடு அணைத்தார். கண்ணாடியை இறக்கினார். ஈரக்காற்று ஆற்றுச் சேற்று மணத்தோடு உள்ளே வந்தது. விக்டோரியா முனகினாள். "பொறுத்துக்கிடுளா" என்று அவள்மேல் போர்வையை இழுத்துவிட்டு, கிறக்கத்தில் அப்படியே சாய்ந்துவிட்டார். முன்னால் அந்த எஞ்சின் மட்டும்... தடதட... தடதட...

விடிந்தபோது பாலத்தில் தண்ணீர் வடிந்திருந்தது. முன் லாரி நகரவில்லை. எழுப்பப் போனார். உள்ளே ஆள் இல்லை. கரி அடுப்பின் மூடி திறந்து கிடந்தது. விளிம்பு வரை மழைத் தண்ணீர். இரும்பு சில்லென்றிருந்தது.

பாலத்துக் காவலாள் மந்திரமூர்த்தி ஓடி வந்தார். "அதத் தொடாதேயும் அண்ணாச்சி! முந்தாநாள் வெள்ளம் வடியக் காத்துக் கெடந்தவரு, குளிருதுன்னு எஞ்சினைப் போட்டுக்கிட்டே ஒறங்கிட்டாரு. ஜேசுபாதம்னு பேரு. நேத்துதான் தூக்கிட்டுப் போனாவ."

மரியான் திரும்பி ஓடினார். விக்டோரியா எழுந்து உட்கார்ந்திருந்தாள். காய்ச்சல் விட்டிருந்தது. மனிதர் "மாதாவே" என்று அழுதேவிட்டார்.

"அந்த அண்ணாச்சி எங்க?" என்று கேட்டாள் அவள்.

"எந்த அண்ணாச்சி?"

"நீங்க கண்ணாடியை எறக்கினதும் உள்ள வந்தாரே... நீங்க ஒறங்கிட்டிய. நமக்கு நடுவுலதான் இருந்தாரு. அவருக்கும் குளிருதுன்னாரு. பாவம்... பாதிப் போர்வையைக் கொடுத்தேன்."

அவள் பிழைத்துக்கொண்டாள். ஆனால் இன்றைக்கும் பாதிப் போர்வைதான் போர்த்துகிறாளாம். மறுபாதியைப் பக்கத்தில் விரித்துவிடுகிறாள். தேவதாசன் ஒருநாள் காலையில் அதைத் தொட்டுப் பார்த்திருக்கிறான். சித்திரை மாசம், ஊரே வெந்துகொண்டிருந்தது...

அந்தப் பாதி மட்டும் ஈரம்.