துருவில் நாலு விரல்

“துப்பாக்கிக்குத் தேங்காண்ணெய் தடவலாமா பாய்?”

கட்டுமாவடியிலிருந்து அறந்தாங்கி போகும் பேருந்தில், முன் இருக்கைக்காரர் பக்கத்திலிருந்த பெரியவரிடம் இப்படிக் கேட்டதும் நான் செல்போனை மடியில் வைத்துவிட்டேன்.

“ஆகாதுங்க. நானும் பேங்க் வாசல்ல துப்பாக்கியோட நின்னவன்தான். தேங்காண்ணெய் நாள்பட்டா பசையாப் பிடிச்சுக்கும். துப்பாக்கிக்குன்னு விக்கிற எண்ணெயவே வாங்குங்க. நம்ம பக்கம் உப்புக்காத்து வேற. யாரு துப்பாக்கி?”

“எங்கண்ணனோடது. அவரும் பேங்க் காவலுக்குத்தான் போனாரு. இப்ப லைசென்ஸ் என் பேருக்கு வந்துருச்சு. குழல்ல துரு ஏறியிருக்கு.”

“எண்ணெயத் தொட்டு அழுத்தித் தேய்ங்க, போயிரும்.”

“டூட்டி முடிஞ்சு வந்தா தொடைக்காம வைக்கவே மாட்டாரு. அன்னைக்கு நெஞ்சு வலிக்குதுன்னு அப்படியே செவுத்துல சாத்திட்டு ஆஸ்பத்திரிக்குப் போனவரு, திரும்பலை. வேர்வைக் கை பட்ட எடத்துல மட்டும் துரு. நாலு வெரலும் அப்படியே தெரியுது பாய்.”

அடுத்த நிறுத்தம் வந்து, ஆள் இறங்கி, பேருந்து மறுபடி கிளம்பியதும் பெரியவர் அவர் பக்கம் திரும்பினார்.

“அப்பத் தேய்க்காதீங்க. மேலாப்ல எண்ணெய மட்டும் தடவி வைங்க. துரு மேக்கொண்டு ஏறாது. இருக்கறது இருக்கும்.”