பன்னிரண்டாவது நாற்காலியிடம் அவர் கேட்ட கேள்வி

மேடையில் அமர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற நீதிபதி வெண்டெல் ஸ்ட்ரவுட் அவர்களே, சட்டக் கல்லூரியின் முதல்வர் அம்மா அவர்களே, எங்கள் சபையின் போதகர் ஐசக் அவர்களே, மறைந்த வழக்கறிஞரின் மகள் பியூலா, அவரிடம் படித்த பிள்ளைகளே, இந்த மாவட்டத்து மக்களே, எல்லோருக்கும் வணக்கம்.

வழக்கறிஞரும் ஆசிரியருமான ஹோரஸ் டிலார்டுக்கு அஞ்சலி செலுத்த நாம் கூடியிருக்கும் இந்த நீதிமன்ற அறையில்தான் என் மகன் லெமுயலுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. அதனால் அவரைப் பற்றிப் பேசும் முன், அன்றைக்கு இங்கே யார் யார் இருந்தார்கள் என்று சொல்லிவிடுகிறேன். எனக்குப் பள்ளிக்கூடம் கொஞ்சம். ஞாபகம் அதிகம்.

மேலே ஸ்ட்ரவுட் ஐயா இருந்தார். அப்போது தலையில் முடி இருந்தது. அவருக்குக் கீழே நீதிமன்ற எழுத்தர் அடேல் ப்ரூயிட். அரசுத் தரப்பில் கிளேட்டன் மேஸ், அதோ மூன்றாவது வரிசையில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறாரே, அவர்தான். தீர்ப்புச் சொல்ல ஊரிலிருந்து பொறுக்கிய பன்னிரண்டு பேர் ஜூரியின் தலைவர் இரும்புக் கடை வெர்னன் பிளாங்க். அவர் பக்கத்தில் பள்ளிப் பேருந்து ஓட்டும் டெல்பெர்ட் கூம்ஸ், பியானோ சொல்லிக்கொடுக்கும் ஐரிஸ் மெக்காய், இரண்டாம் நாள் முழுக்கத் தூங்கிய முடிதிருத்தும் ஹோமர் டட்டன், தபால் நிலையத்து ஓபல் ஸ்நீட், பால்பண்ணை லெராய் பிக்கன்ஸ். பின்வரிசையில் யூஜின் ஃபார், வங்கியில் வேலை பார்த்த டோனா லீ, விர்ஜில் கேட்ஸ், மே எல்லன் ஹாப்ஸ், கிளைட் ராஸ்டன். கடைசி நாற்காலியில், மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை செய்த லொரீன் ஆக்ஸ்லி. அந்தப் பக்கம் என் மகன். அவன் பின்னால் நான். எங்கள் இருவருக்கும் நடுவில், பழுப்பு நிறக் கோட்டில், ஹோரஸ் டிலார்ட்.

நினைவில் வைத்துக்கொள்ள வேண்டாம். அந்த வேலையை நான் செய்கிறேன்.

பருத்தி ஆலை தீப்பிடித்து எரிந்து, காவலாளி உள்ளே செத்துப்போனார். அதற்கு இரண்டு வாரம் முன்பு அந்த ஆலையில் என் மகனை வேலையிலிருந்து நிறுத்தியிருந்தார்கள். அது போதுமாக இருந்தது. தீப்பிடித்த நேரத்தில் அவன் என் வீட்டில் துணி துவைக்கும் மெஷினைத் திருப்பிப்போட்டுப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தான் என்று நான் சத்தியம் செய்து சொன்னேன். தாய் வேறென்ன சொல்வாள் என்று கிளேட்டன் மேஸ் கேட்டார். ஜூரியில் சிலர் சிரித்தார்கள். யார் யார் என்று கேட்டால் சொல்வேன். இன்றைக்கு வேண்டாம்.

தீர்ப்பு வந்தது, குடும்பம் கூடி வான்கோழி விருந்து சாப்பிடும் நன்றித் திருநாளுக்கு முந்தின நாள். ஊர் முழுக்க அடுப்பு மூட்டியாகிவிட்டது. தீர்ப்பு வராவிட்டால் திருநாளன்றும் இங்கேயே உட்கார வேண்டியிருக்கும் என்று யாரோ ஜூரி அறைக்குள் சொல்லியிருக்கிறார்கள். காலையில் முடிவு எட்டவில்லை என்றவர்கள், மாலை விளக்கு போடும் முன் முடிவோடு வெளியே வந்தார்கள். வெர்னன் பிளாங்க் எழுந்து குற்றவாளி என்று படித்தார்.

எல்லோரும் கோட்டை எடுத்து மாட்டத் தொடங்கினார்கள். அப்போது ஒருவர் மட்டும் எழுந்து நின்றார்.

"ஐயா, ஜூரியில இருக்கிற ஒவ்வொருத்தரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு, இது உங்க தீர்ப்புதானான்னு தனித்தனியா கேக்கணும்."

ஸ்ட்ரவுட் ஐயா கடிகாரத்தைப் பார்த்தார். "மிஸ்டர் டிலார்ட், நாளைக்கு நன்றித் திருநாள்."

"தெரியும் ஐயா. லெமுயலுக்கும் நாளைக்கு அதேதான்."

நீதிபதி அவர்களே, நீங்கள் தலையாட்டுகிறீர்கள். உங்களுக்கும் நினைவிருக்கிறது. நல்லது.

அப்படிக் கேட்பது நம் சட்டத்தில் உள்ள உரிமை. பன்னிரண்டு பேரில் ஒருவர் இல்லை என்றாலும் தீர்ப்பு நிற்காது. பல வக்கீல்கள் சடங்குக்குக் கேட்பார்கள். கேட்டுவிட்டுப் பையைக் கட்டுவார்கள். ஹோரஸ் டிலார்ட் அப்படிச் செய்தவரா? அவர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு வாயையும் பார்த்தார். அடேல் ப்ரூயிட் பெயரை அழைத்தார். "இது உங்கள் தீர்ப்பா?" ஆமாம். "இது உங்கள் தீர்ப்பா?" ஆமாம். பதினோரு முறை. கதவு சாத்துவது போல ஒன்றன்பின் ஒன்றாக.

பன்னிரண்டாவது பெயரை அழைத்தபோது லொரீன் ஆக்ஸ்லி வாயைத் திறந்தாள். மூடினாள். மடியிலிருந்த கைப்பையைப் பார்த்தாள். பக்கத்தில் கிளைட் ராஸ்டன் பெருமூச்சு விட்டார். பிறகு அவள் ஏதோ சொன்னாள். அடேலுக்கே கேட்கவில்லை.

"ஐயா, அவங்க தயங்கினாங்க" என்றார் டிலார்ட். "மறுபடியும் கேக்கணும். அவசரமில்லாம கேக்கணும்."

ஸ்ட்ரவுட் ஐயாவே கேட்டார். குறை சொல்ல மாட்டேன், மெதுவாகத்தான் கேட்டார். "அம்மா, இது உங்க தீர்ப்புதானா?"

"ஆமாங்கய்யா" என்றாள் லொரீன். இந்த முறை கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

அவ்வளவுதான். எல்லோரும் வீட்டுக்குப் போய் வான்கோழி சாப்பிட்டார்கள். என் வீட்டில் அதற்குப் பிறகு வான்கோழி சமைத்ததில்லை.

மறுநாள் மதியம் என் வாசலில் ஒரு கார் நின்றது. டிலார்டின் பழைய ப்யூக். அதன் கதவு ஒரு தடவையில் சாத்தாது, இரண்டு தடவை இழுத்து அடிக்க வேண்டும். இரண்டாவது சத்தம் கேட்ட பிறகுதான் அவர் படியேறுவார். தோற்றுப்போன வக்கீல் கட்சிக்காரர் வீட்டுக்கு வருவாரா? இவர் வந்தார்.

"சிஸ்டர் டப்ஸ், சாப்பிட ஏதாவது இருக்கா?" என்றார், சபையில் என்னைக் கூப்பிடுவது போலவே.

"கோழியும் மாவுருண்டையும் இருக்கு. கீரை இருக்கு. தோத்தவங்களுக்கும் போடுவேன், உக்காருங்க வக்கீலய்யா."

"கொஞ்சமா போடுங்க. கொஞ்சமாத்தானே தோத்தோம். ஒரே ஒரு ஆளு."

அன்றைக்குத் தொடங்கியது. இருபத்தாறு வருஷம், ஒவ்வொரு நன்றித் திருநாளுக்கும் அந்தக் கதவு என் வாசலில் இரண்டு தடவை சாத்தியது. மனைவி இருந்தவரை அவரையும் அழைத்து வந்தார், அந்த அம்மா இறந்த பிறகு மகள் பியூலாவை. கல்லூரிப் பிள்ளைகளைக் கூட்டி வந்த வருஷம் என் நாற்காலிகள் போதாமல் சபையிலிருந்து கடன் வாங்கினேன்.

பிள்ளைகளே, அவர் உங்களுக்கு என்ன சொல்லிக்கொடுத்தார் என்று எனக்குத் தெரியும். என் சமையலறையில்தானே பாதிப் பாடம் நடந்தது. பன்னிரண்டு பேரை உட்கார வைப்பார். ஒரு மாணவனை எழுப்பிக் கேள்வி கேட்கச் சொல்வார். "கேள்வியைக் கேட்டுட்டு வாயை மூடு. அவங்க மூச்சைக் கேளு. பொய் சொல்றவன் வேகமா சொல்வான். நம்பாதவன் மெதுவா சொல்வான். அந்த மெதுவுக்குள்ளதான் உன் கட்சிக்காரன் உசிரு இருக்கு." ஒரு பையன் கேட்டான், அந்த வாய்ப்பு போய்விட்டால் என்ன செய்வது என்று. டிலார்ட் என்னைப் பார்த்தார். நான் பாத்திரம் கழுவப் போனேன்.

ஏனென்றால் சட்டம் அப்படி. ஜூரி கலைந்து வீட்டுக்குப் போன பிறகு, அதில் ஒருவர் திரும்பி வந்து, நான் நம்பாமல் சொன்னேன் என்று அழுதாலும், எந்த நீதிமன்றமும் அந்தப் பேச்சை வாங்கிக்கொள்ளாது. பேர் சொல்லி அழைத்த அந்த ஒரு மூச்சு நேரம்தான் அவர்களுக்குக் கதவு. பிறகு சாத்திவிடுவார்கள்.

அந்தச் சாத்திய கதவின் முன்னால் வந்து நின்றாள் லொரீன் ஆக்ஸ்லி, ஒன்பது வருஷம் கழித்து. டிலார்டின் அலுவலகத்துக்கு வந்து, தான் ஒரு நாளும் லெமுயலைக் குற்றவாளி என்று நம்பவில்லை என்றும், எல்லோரும் வீட்டுக்குப் போக வேண்டும் என்று தன்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்றும் சொல்லியிருக்கிறாள். நானாக இருந்தால் வெளியே போ என்றிருப்பேன். அவர் காபி போட்டுக் கொடுத்தார். அழுது முடித்த பிறகு வீட்டில் கொண்டுபோய் விட்டார். அப்படிப்பட்ட மனிதரை எங்கே போய்த் தேடுவேன்?

அவளைத் திட்டவும் இல்லை, விடவும் இல்லை. நீதிமன்றம் கேட்காது, ஆனால் கைதிகளை விடுவிக்க அதிகாரமுள்ள மாநிலக் கருணை வாரியம் கேட்கும், அங்கே யாரும் எதையும் சொல்லலாம் என்று அவர் கண்டுபிடித்து வைத்திருந்தார். இரண்டு முறை மனுப் போட்டார். இரண்டு முறையும் லொரீன் வருகிறேன் என்றாள், வரவில்லை. இரண்டு முறையும் வாரியம் கைவிரித்தது. மூன்றாவது மனு இந்த மார்ச்சில். என் மகனுக்கு இப்போது நாற்பத்தேழு வயது. எனக்கு எண்பத்தொன்று. நான்காவது மனுவுக்கு எங்களில் யார் இருப்போம்?

போன நன்றித் திருநாளன்று மேசையில் அதைத்தான் பேசினோம். அவர் மாவுருண்டையைப் பிய்த்துக்கொண்டே தொடங்கினார்.

"சிஸ்டர், கடையில லொரீனப் பாத்தா மூஞ்சத் திருப்பிக்கிறீங்களாமே."

"என் மூஞ்சி, என் கழுத்து. எந்தப் பக்கம் வேணா திரும்பும்."

"ஒரு 'குட் மார்னிங்' சொன்னா போதும். வாரியத்துக்கு வருவாங்க. உங்க மூஞ்சியப் பாத்துட்டு அங்க நிக்கத் தைரியம் இல்லைங்கிறாங்க."

"நான் தடுத்தேனா? வரட்டுமே."

"மன்னிச்சேன்னு ஒரு வார்த்த வேணுங்கிறாங்க."

"என் பையன் ஒரு வார்த்த கேட்டான். கெடச்சுதா?"

அவர் கடைசி உருண்டையை வாயில் போட்டுக்கொண்டார். பிறகு சிரித்தார். "அன்னிக்கு அந்த ஜூரியில உங்கள மாதிரி ஒருத்தர் இருந்திருந்தா..."

"பன்னெண்டு பேரும் கிறிஸ்துமஸ் வரைக்கும் அங்கேயே கெடந்திருப்பாங்க. இன்னொரு உருண்ட போடட்டா?"

"போடுங்க. தோத்துட்டேன், மறுபடியும்."

போகும்போது படியில் நின்று திரும்பினார். "யோசிங்க சிஸ்டர்" என்றார். கதவு இரண்டு தடவை சாத்தியது.

ஜனவரியில், மாலை வகுப்பு முடித்துத் தலைநகரிலிருந்து திரும்பும் வழியில், பெட்ரோல் பங்கில் காபி வாங்க நின்ற இடத்தில் அவர் இதயம் நின்றுவிட்டது. காரின் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன என்றார்கள். சாவிலும் அவசரப்படாதவர் போல அப்படியே சாய்ந்து உட்கார்ந்திருந்தாராம்.

இந்தச் சில வாரங்களாக என் தெருவில் எந்தக் கார் நின்றாலும் கதவுச் சத்தத்துக்குக் காது கொடுக்கிறேன். ஒரு தடவை சாத்துகிறது. இரண்டாவதுக்காக நிற்கிறேன். தபால்காரர் வந்து போகிறார், பக்கத்து வீட்டுப் பெண் வேலைக்குப் போகிறாள், எல்லாக் கதவும் ஒரே தடவையில் சாத்திவிடுகின்றன. இந்த ஊரில் இவ்வளவு நல்ல கதவுகள் எப்போது வந்தன என்று தெரியவில்லை. பியூலா, அந்தக் காரை நீ விற்கப்போவதாகக் கேள்விப்பட்டேன். விற்றுக்கொள். ஆனால் விற்கும் முன் ஒரு தடவை என் வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டுப் போ.

அவரைப் பெரிய வழக்கறிஞர் என்று முதல்வர் அம்மா சொன்னார். வென்ற வழக்குகளைச் சொன்னார். நான் தோற்ற வழக்கைச் சொல்ல வந்தேன். வென்றதை எல்லோரும் தூக்கித் திரிவார்கள். தோற்றதை ஒரு மனிதர் இருபத்தாறு வருஷம் தோளில் சுமந்தார். அதைவிடப் பெரிய வக்கீல் யார்?

அந்தச் சுமையை இப்போது அவர் மாணவி கொரின் ஹேல் வாங்கியிருக்கிறாள். முன்னால் உட்கார்ந்திருக்கிறாள், எழுந்து நில் கொரின், எல்லோரும் பார்க்கட்டும். மார்ச்சில் மனுவை இவள்தான் வாதிடப் போகிறாள். இவளுடைய வகுப்பு முழுக்கக் கூட வருகிறது. ஸ்ட்ரவுட் ஐயா வருவதாகக் கடிதம் கொடுத்திருக்கிறார். கிளேட்டன் மேஸ், நீங்கள் எதிர்க்கப்போவதில்லை என்று சொன்னீர்களாம். இருபத்தாறு வருஷம் தாமதம். எடுத்துக்கொள்கிறேன். ஹோரஸ் டிலார்ட் விட்ட இடத்திலிருந்து இந்த வழக்கை நாங்கள் நடத்துவோம் என்று அவர் நின்ற இந்த மேசையைத் தொட்டுச் சொல்கிறேன்.

இன்னும் ஒருவர் வர வேண்டும்.

இன்றைக்குக் கூட்டம் அதிகம் என்று ஜூரி நாற்காலிகளிலும் ஆட்களை உட்கார வைத்திருக்கிறார்கள். பதினொன்று நிறைந்துவிட்டது. கடைசி நாற்காலி காலியாகவே இருக்கிறது. அதில் உட்காரச் சொன்னதற்கு, நிற்கிறேன் என்று சொல்லிவிட்டுப் பின்சுவரோரம் ஒருத்தி நிற்கிறாள். நான் உள்ளே வரும்போதே பார்த்தேன். எனக்குக் கண்ணும் நன்றாகத் தெரிகிறது.

பதினோரு பேரை நான் மன்னித்துவிட்டேன். அவர்கள் என் மகன் செய்தான் என்று நம்பினார்கள். தப்பாக நம்பினார்கள், ஆனால் நம்பியதைச் சொன்னார்கள். தூங்கிய ஹோமரையும் மன்னித்துவிட்டேன், அவர் செத்தும் போய்விட்டார். பின்னால் நிற்கிறவளே, யாருக்கும் கேட்காத உன் முதல் ஆமாமைக்கூட மன்னிப்பேன், அது பயம். பயம் யாருக்கும் வரும். ஆனால் ஒரு மனிதர் எழுந்து, அவசரமில்லாமல் மறுபடி கேளுங்கள் என்று உனக்காகவே அந்தக் கதவை இன்னொரு தடவை திறந்து பிடித்தார். இரண்டாவது ஆமாம் உன்னுடையது மட்டும்தான்.

அதனால் நீ கேட்ட வார்த்தை கிடைக்காது. டிலார்ட் கேட்டும் கொடுக்கவில்லை, அவர் சவப்பெட்டிக்கு முன்னாலும் கொடுக்கவில்லை. ஆனால் உண்மையைச் சொல்ல என் மன்னிப்பு எதற்கு? பொய்யை அது இல்லாமல்தானே சொன்னாய்? வாரியத்துக்கு வா. விடியும் முன் உன் வாசலில் வந்து நிற்கிறேன், என் பேத்தி வண்டி ஓட்டுவாள். வழியில் உன்னோடு பேச மாட்டேன். குளிருக்குப் போர்வை வைத்திருப்பேன். உன் பேரைக் கூப்பிடும்போது உன் பக்கத்தில்தான் இருப்பேன். என் மூஞ்சியை உன் பக்கம் திருப்பி வைத்துக்கொள்வேன், அதை அவருக்காகச் செய்கிறேன்.

இந்த அறையில் அவர் குரலை இன்னும் ஒரு தடவை கேட்க எனக்கு அவ்வளவு ஆசையாக இருக்கிறது. அது நடக்காது. ஆகவே அவர் கேட்கச் சொன்ன கேள்வியை, அவர் நின்ற இடத்தில் நின்று, அவசரமில்லாமல், மூன்றாவது முறையாக நான் கேட்கிறேன். இது உங்கள் தீர்ப்பா, லொரீன் ஆக்ஸ்லி?