ஜன்னலில் ஓர் ஆள்

உங்கள் மேசை விளக்கு மஞ்சள், மேலே இருக்கும் டியூப் லைட் நீலம். அதனால் உங்கள் மூக்குக்கு இரண்டு நிழல் விழுகிறது சார். ஒன்றை அணைத்தால் நன்றாக இருக்கும். வேண்டாமென்றால் விடுங்கள், பழகிக்கொள்கிறேன்.

ஷோரீல் என்றால் என்ன என்று கேட்டீர்கள். செய்த விஷுவல் எஃபெக்ட்ஸ் வேலைகளில் நல்லதாகப் பொறுக்கிக் கோத்த குட்டிப் படம். வேலை கேட்டுப் போகிறவனுக்கு அதுதான் முகம். சான்றிதழை எவனும் சீந்த மாட்டான். நான் படியேறாத ஸ்டூடியோ இல்லை. கடைசியாகப் போன இடத்தில் சூப்பர்வைசர் சிப்ஸ் தின்றுகொண்டே பார்த்தார். "மழை ஓகே, இடியிற கட்டடம் ஓகே. நெருப்புதான் தம்பி கம்ப்யூட்டர் நெருப்பு. சூடே தெரியல. போய் நிஜ நெருப்பைப் பாத்துட்டு வா," என்றார். பார்த்துவிட்டு வரச் சொன்னது அவர்தான். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அப்போது அக்கா வீட்டில் இருந்தேன். அத்தானுக்கு மெத்தை வியாபாரம். வீட்டுக்குப் பின்னால் மாடியோடு குடோன். சாப்பிட உட்கார்ந்தால் அவருக்கு நான்தான் தொட்டுக்கொள்ள. "இல்லாததை இருக்கிற மாதிரி காட்டறதுதானே மாப்ள உன் வேலை? அதுக்கு உங்க அக்காவே போதுமே," என்பார். அக்காவும் சிரிப்பாள். அவர் சொன்னதைப் பொறுத்துக்கொண்டேன். அவள் சிரித்ததைத்தான் ஜீரணிக்க முடியவில்லை. ஆனால் அதற்கும் நடந்ததற்கும் சம்பந்தமில்லை.

எங்கள் தொழிலில் எதைச் செய்வதானாலும் முதலில் நிஜத்தைப் படம்பிடிக்க வேண்டும். குடோனில் பஞ்சும் ஃபோமும் கூரைவரை கிடந்தன. எதிர்க் கட்டடத்து மொட்டை மாடியில் முக்காலியை நட்டு கேமராவைப் பொருத்தினேன். முதலில், ஒன்றுமே நடக்காத காட்சியைக் கொஞ்ச நேரம் எடுத்தேன். அதை கிளீன் பிளேட் என்போம். அது இல்லாமல் ஷாட் எடுப்பவன் தொழில் தெரியாதவன். பிறகு கீழே போனேன். சின்ன வேலை ஒன்று இருந்தது. முடித்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

மதியம் சாப்பிட்டதும் அத்தான் குடோன் மாடியில் மெத்தைமேல் படுத்துத் தூங்குவார் என்பது தெருவுக்கே தெரியும். விபத்து என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அக்கா என் தோளில் சாய்ந்துதான் அழுதாள். அவளை நன்றாகவே பார்த்துக்கொண்டேன்.

புது ரீலைப் போட்டதும் சூப்பர்வைசர் சிப்ஸைக் கீழே வைத்தார். திருப்பித் திருப்பி ஓட்டினார். மற்றவர்களையும் கூப்பிட்டார். "ஜன்னல்ல ஒரு ஆள் கம்பியைப் பிடிச்சு உலுக்கறானே, அதை எப்படிப்பா பண்ண? இங்க வரைக்கும் சூடு அடிக்குது," என்றார். என் வேலையைப் பார்த்து ஒருவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அங்கேயே வேலையும் கிடைத்தது.

சேர்ந்த அன்றே ஷாட்டைப் பிரித்துக் காட்டச் சொன்னார். வெறும் காட்சி, அதன்மேல் புகை, அதன்மேல் தீ, கடைசியில் ஆள் என்று அடுக்கடுக்காகக் காட்டுவது எங்கள் வழக்கம். அடுத்தவன் வேலை இல்லை என்பதற்கு அதுதான் சாட்சி. என்னிடம் இருந்தது கிளீன் பிளேட்டும் முழு ஷாட்டும்தான். இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "நடுவுல ஒண்ணுமே இல்லையே தம்பி," என்றார். கிளீன் பிளேட்டை மட்டும் திரும்ப ஓட்டினார். அப்புறம், "அங்க தீப்பிடிக்கப் போகுதுன்னு உனக்கு முன்னாடியே எப்படித் தெரியும்?" என்றார். உங்களுக்கு போன் செய்ததும் அவர்தானே. வயிற்றெரிச்சல் பிடித்த மனிதர்.

ஆமாம், படிக்கட்டுக் கதவை வெளியே தாழிட்டது நான்தான். ஆளில்லாத ஜன்னலை யார் திரும்பிப் பார்ப்பார்கள்? அவர் கீழே ஓடி வந்திருந்தால் ஷாட்டே இல்லை. தீ வைத்ததும் நான்தான், கேமராவை ஓட விட்டு நின்றதும் நான்தான்.

ஆனால் முன்பகை, வஞ்சம் என்றெல்லாம் எழுதியிருக்கிறீர்கள். அதை அடித்துவிடுங்கள். அத்தான்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ரீலின் முடிவில் நன்றி என்று போட்டு அவர் பெயரைத்தான் போட்டிருக்கிறேன். அக்கா பெயரைக்கூடப் போடவில்லை.