இருநூறாவது கட்டம்

தீர்ப்பு எழுதும் கையாலேயே ஒரு காலத்தில் காரும் ஓட்டிய அவைத்தலைவர் நீதிபதி பெல் அவர்களே, பந்தய ஞாயிறுகளில் பிரசங்கத்தைப் பாதியாகச் சுருக்கிப் புண்ணியம் தேடிக்கொண்ட போதகர் ஐயா அவர்களே, நகக்கண்ணில் கிரீஸ் போகாத பெரியோர்களே, பொரித்த கோழியோடும் பொறுமையோடும் தடத்தோரம் தவம் கிடந்த தாய்மார்களே, கரோலினா மலையடிவாரத்துச் சொந்தங்களே, வணக்கம்.

முப்பத்தைந்து ஆண்டுகள் ரேடியேட்டர் ஒட்டிப் பிழைத்த இந்த ராய்ஸை அழைத்து, நம் ஹார்லோ மாவட்டக் காட்சிக்கூடத்துக்காக ஸ்டாக் கார் பந்தய வரலாற்றைக் காலம் வாரியாகப் பிரித்துத் தா என்றீர்கள். சுவர் ஒன்று, சொல்ல வேண்டியதோ எழுபது ஆண்டுக் கதை. எங்கே கோடு போடுவது? கடையில் வாங்கிய காரையே கதவைக் கட்டி ஓட்டினோமே, அது ஒரு காலமா? மண் தடம் மறைந்து தார்த் தடம் வந்ததே, அது ஒரு காலமா? ஏடுகள் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டில் ஒரு கோடு கிழித்து, அதற்குப் பின்னால் வந்ததே நவீன காலம் என்கின்றன. அதற்கு முன்னால் ஓட்டியவர்கள் என்ன, குகையிலா குடியிருந்தார்கள்?

எங்கள் குழுவில் ஐந்து பேர். ஐவரும் மெக்கானிக்குகள். தவறே அதுதான். டயர்க்காரர் டயரை வைத்துப் பிரித்தார், எஞ்சின்காரர் எஞ்சினை வைத்துப் பிரித்தார், வெல்டரோ ஓட்டுபவனைக் காக்கக் காருக்குள் இரும்புக்கூண்டு வந்த ஆண்டை விட்டு இறங்கவே மாட்டேன் என்றார். என்ன மெல்வின், டயர்தான் சரி என்கிறாயா? உட்காரப்பா, உன் டயருக்கும் ஒரு மூலை ஒதுக்கியிருக்கிறோம்.

ஏழு மாதம் இப்படியே போயிற்று. ஒருநாள், கணவர் ஒடெல் கிராக்கைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வெர்லீன் அக்கா வந்தார். எங்களுக்குப் பன்றிக்கறி வைத்த ரொட்டி கொண்டுவந்திருந்தார்.

“ஏன் ராய்ஸு, ஏழு மாசமா அஞ்சு பேரும் காருக்கு அடியிலயேதான் படுத்துக் கிடக்குறீங்களா? எந்தக் காரு ஜெயிச்சுதுன்னு எழுதினது யாருப்பா?”

அவையோரே, எழுதியது யார்? உங்கள் மனைவிமார் அல்லவா? ஒரு காருக்கு ஒரு பெண், ஒரு சுற்றுக்கு ஒரு கட்டம், கார் கோட்டைத் தாண்டும் ஒவ்வொரு முறையும் அட்டையில் மணி எழுத ஒரு பென்சில். கணவன் ஓட்டினான், மனைவி எண்ணினாள். அந்த அட்டை ஒன்றுகூட எங்களிடம் இல்லை. அக்காவிடம் மட்டும் ஒன்று இருந்தது.

அது எந்த அட்டை என்று இங்கே பலருக்கும் தெரியும். அறுபத்தெட்டு அக்டோபர், இருநூறு சுற்று. ஒடெல் அண்ணன் முதலில் வந்ததை ஊரே பார்த்தது. ஆனால் அன்று கண் சொன்னது செல்லாது, அட்டை சொன்னதே செல்லும். அக்காவின் அட்டையில் நூற்றுத் தொண்ணூற்றொன்பது கட்டங்கள்தான் நிரம்பியிருந்தன. கோப்பை வேறொருவருக்குப் போனது. அண்ணன் அதற்கு முன்னும் ஜெயித்ததில்லை, பின்னும் ஜெயித்ததில்லை.

அட்டையைக் கேட்டோம். அக்கா முகம் கறுத்துவிட்டது.

“கண்ணாடிப் பெட்டியில வச்சு, என் புத்திகெட்ட வேலைய ஊரே வந்து பாக்கணுமா?”

அண்ணன் நாற்காலியில் இருந்து கேட்டார், “அம்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. இன்னைக்காவது சொல்லேன் வெர்லீன். அந்த ஒரு சுத்து எங்கதான் போச்சு?”

“நாங்க யாரு பந்தயம் பாத்தோம்? காரு நம்பரு, கடிகாரம், அட்டை, அவ்வளவுதான். கடைசிச் சுத்துல நீங்க முந்திட்டீங்கன்னு சத்தம் கேட்டுச்சு. வாழ்க்கையில ஒரே ஒரு தடவை பென்சிலக் கீழ வச்சுட்டு எழுந்து நின்னு பாத்தேன். பாத்துக்கிட்டே நின்னுட்டேன்.”

“அப்போ நான் ஜெயிச்சத நீ பாத்தியா?”

“பாத்தேன்.”

“இத அன்னைக்கே சொல்லியிருந்தா, கோப்பை எவன் வீட்டுல இருந்தா எனக்கென்னன்னு தூங்கியிருப்பேனே. அட்டையக் குடுத்துடு.”

நான் அழுதேன். சொல்வதில் வெட்கம் இல்லை. மெல்வினும் அழுதான், அவன் ஒத்துக்கொள்ள மாட்டான்.

அன்றே கோடு போட்டோம் தோழர்களே! போலீஸை முந்திச் சாராயம் கடத்தியதில்தானே நம் பந்தயமே பிறந்தது; அந்தக் காலத்தில் பிடிபட்டவன் கம்பி எண்ணினான். அதன்பின் நம் பெண்கள் சுற்று எண்ணினார்கள். இன்றோ தடத்துக்கு அடியில் புதைத்த கம்பியே எண்ணுகிறது. காரை வைத்துப் பிரித்தால் முப்பது காலம், எண்ணியவரை வைத்துப் பிரித்தால் மூன்றே காலம். அந்த நடுக்காலத்தின் பெயர், சுவரில் பொறித்தபடி, பெண்கள் எண்ணிய காலம்.

கோப்பை வாங்கியவர் பெயர் சுவரில் அப்படியே இருக்கிறது. பதிவைத் திருத்த எங்களுக்கு அதிகாரம் இல்லை. ஆனால் அட்டை அக்காவுடையது, அதில் இருநூறாவது கட்டம் இன்னும் காலி. அதை வைத்த கண்ணாடிப் பெட்டியை இன்னும் பூட்டவில்லை.

வந்தவர்க்கும், வாய்விட்டுச் சிரித்தவர்க்கும், கண்ணைத் துடைத்துக்கொண்டவர்க்கும் என் நன்றியும் வணக்கமும். இனி நான் பேசுவதற்கில்லை. வாசலில் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட முடிவுக்கோடு இருக்கிறது. ஒடெல் அண்ணே, நாற்காலியை நீங்களே உருட்டிக்கொண்டு தாண்டி வாருங்கள். அக்கா, இந்தாருங்கள் பென்சில். இந்த முறை நன்றாக நிமிர்ந்து பாருங்கள், மணியை நான் பார்த்துச் சொல்கிறேன்.