பச்சையம்மா கூடையை இறக்கி வைத்த இடம்

ஒரு கால் ஆடும் நாற்காலியிலும் ஆடாமல் அசையாமல் அமர்ந்திருக்கும் அவைத் தலைவர், வண்ணாரப்பேட்டைத் துணிக்கடை வீதியின் வானவில், எங்கள் வடசென்னை உலகப் பயணிகள் மன்றத்தின் நிரந்தரத் தலைவர், அண்ணன் கமால் பாய் அவர்களே! கால்வலியையும் கைத்தடியையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கும் பெரியோர்களே! குழாயடி வரிசையில் குடத்தை நிறுத்திவிட்டு, குடம் போனாலும் போகட்டும் என்று என் குரல் கேட்க வந்திருக்கும் வீரத் தாய்மார்களே! மாடியில் துணி காயப்போடுவதுபோல நடித்துக்கொண்டு, ஒரே துண்டை நாலாவது முறையாக உதறிக்கொண்டிருக்கும் ஐரீன் அம்மையார் அவர்களே! மேடைக்கு அடியில் மெய்மறந்து உறங்கும் நான்கு கால் நண்பரே!

கடைசியாக, மூன்றாவது வரிசையில் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, மேடைக்கு முதுகைக் காட்டி அமர்ந்திருக்கும் என் உடன்பிறந்த அக்கா பச்சையம்மா அவர்களே! முகத்துக்குச் சொல்ல வழியில்லாததால் உன் முதுகுக்குச் சொல்கிறேன், வணக்கம்!

ராயபுரத்துக் கடலைச் சாட்சியாக வைத்து, அதன் ஒவ்வோர் அலையின் தலையிலும் அடித்துச் சத்தியம் செய்கிறேன். இன்று நான் சொல்லப்போகும் கதையை உங்களில் ஒருவரும் நம்ப மாட்டீர்கள். நம்பிக்கை வந்தவர்கள் தயவுசெய்து எழுந்து போய்விடுங்கள். இத்தனை ஆண்டு உழைத்துச் சம்பாதித்த பெயர், எனக்கு அது கெட்டுவிடும்.

கூடியது எதற்கு? என் அக்கா மகள் மகிழினி, இதோ மேடை ஓரத்தில் மாலையைக் கழற்றவும் தெரியாமல் போட்டுக்கொள்ளவும் முடியாமல் நிற்கிறாளே, இவள் சரக்குக் கப்பலில் பயிற்சி அதிகாரியாகப் போகிறாள். எண்ணூரில் கப்பல் காத்து நிற்கிறது. திங்கட்கிழமை காலை ஏற வேண்டும். நம் தெருவிலிருந்து கப்பலுக்கு மூட்டை போனது உண்டு, முட்டை போனது உண்டு, மாலுமி போனதும் உண்டு. ஒரு பெண் போனது உண்டா? இல்லை! வழியனுப்ப வேண்டாமா? வேண்டும்! எல்லோரும் அனுப்பியாகிவிட்டது. ஒரே ஒருத்தியைத் தவிர.

யார் அந்த ஒருத்தி என்று கேட்காதீர்கள். முதுகு கோபித்துக்கொள்ளும்.

நம் வீடுகளில் வாசலைத் தாண்டுகிறவர்களை என்ன சொல்லி அனுப்புவோம்? தெருமுனைக் கடைக்குப் போனாலும், தேன் கொண்டுவர நிலவுக்கே போனாலும், 'போய்ட்டு வா.' போவதற்கு ஒரு சொல், வருவதற்கு ஒரு சொல். இரண்டும் சேர்ந்தால்தான் படி இறங்குவோம். ஆனால் இந்த வாரம் முழுக்க, மகிழினி வாயைத் திறந்து "கப்பலுக்குப் போறேம்மா" என்றால், மீன் ஆய்ந்துகொண்டே நிமிராமல் என் அக்கா சொல்லும் பதில் என்ன?

"போ."

அவ்வளவுதான். அந்த இன்னொரு சொல்லை அரிவாள்மனையோடு சேர்த்து எங்கேயோ ஒளித்து வைத்துவிட்டாள். இந்தப் பெண்ணும் இவளுக்குப் பிறந்தவள்தானே? "அந்த வார்த்தய அம்மா சொல்லாம நான் கப்பல் ஏணில கால் வெக்க மாட்டேன்" என்று அவளும் முறுக்கிக்கொண்டாள். படித்த படிப்பு, பெற்ற தேர்ச்சி, காத்திருக்கும் கப்பல் எல்லாம் ஒற்றைச் சொல்லில் நங்கூரம் போட்டு நிற்கின்றன!

ஏன் அக்கா என்று கேட்டால், திருப்பி ஒரு கேள்வி கேட்கிறாள். "அங்க இன்னா கீது, இங்க இல்லாதது?"

சரியான கேள்வி! இதற்குப் பதில் சொல்லத்தான் மன்றம் என்னைத் தேர்ந்தெடுத்தது. உலகப் பயணிகள் மன்றத்தில் பதினோரு பேர் இருக்கிறோம். தலைவர் நெல்லூர் வரை போனவர். பொருளாளர் கும்மிடிப்பூண்டியில் ரயில் மாறி ஏறியதால் சூலூர்பேட்டையைக் கண்டவர். நானோ, முப்பது ஆண்டு கண்டெய்னர் லாரி ஓட்டியவன். துறைமுக வாசலில் லாரி வரிசையில் நின்று நின்றே நரைத்தவன். கனடாவும் நார்வேயும் என் முதுகில் ஏறி மாத்தூர் வரை வந்திருக்கின்றன. உலகம் என்மீது பயணம் செய்தது, நான் உலகின்மீது பயணம் செய்தேன். கணக்கு சரியாகிவிட்டது!

கேளுங்கள். முதலில் நயாகரா. அருவியா அது? ஆகாயத்துக்கே தொண்டை அடைத்து, அது வாய் கொப்பளித்துத் துப்பிய தண்ணீர்! நான் போய் நின்றேன். இரைச்சலில் என் பெயர் எனக்கே மறந்துபோனது. "கொஞ்சம் மெதுவா" என்று கையைக் காட்டினேன். நம்புங்கள், அல்லது நம்பாதீர்கள், அருவி பாதியில் நின்று, என்னைப் பார்த்து, மன்னிப்புக் கேட்டுவிட்டு...

அதோ, முதுகு பேசுகிறது! "வியாசர்பாடி சப்வேல மழத் தண்ணி எறங்கறத்த நின்னு பாரு. அத்தோட பஸ்ஸும் சேந்து எறங்கும். உன் நயாகராவுல பஸ் எறங்குதா?"

இறங்கவில்லை அக்கா. ஒப்புக்கொள்கிறேன். நயாகரா தோற்றது.

அடுத்தது அமெரிக்காவின் மாபெரும் பள்ளத்தாக்கு. ஓர் ஆறு லட்சக்கணக்கான ஆண்டுகளாகப் பாறையை உரசி உரசி, மைல் ஆழத்துக்கு வெட்டிய வெட்டு. நான் விளிம்பில் நின்று "டேய்!" என்று கத்தினேன். என் தாத்தாவின் குரலில் எதிரொலி வந்தது, "இன்னாடா?" என்று.

"மெட்ரோவுக்குத் தோண்டுனானுங்களே பள்ளம், அத்த சுத்திகினு சுத்திகினு கூடையத் தூக்கிகினு போனனே, அப்ப எங்க போன நீ?"

கைதட்டாதீர்கள்! அவள் பக்கம் கைதட்டாதீர்கள்! கமால் பாய், தலைவர் நீங்களே தட்டினால் எப்படி? "இல்ல மாமு, பாயிண்டு கரீட்டா கீது" என்கிறார். சரி, பள்ளத்தாக்கும் போயிற்று.

நார்வே! வடதுருவத்துப் பக்கத்து வானம். அங்கே இரவில் பச்சை நிறத்தில் ஒளி இறங்கி வந்து, ஜன்னல் திரை காற்றில் அசைவதுபோல அசையும். நான் எட்டி ஒரு முனையைப் பிடித்து முகம் துடைத்துக்கொண்டேன். வீடு திரும்பியும் மூன்று நாள் முகம் பச்சையாகவே இருந்தது.

"மணலி பக்கம் வானத்தப் பாரு. ஆலைல நெருப்பு எரியறப்போ செவச் செவன்னு கீது. அதுக்கு இன்னாத்துக்குக் கப்பலு?"

பார்த்தீர்களா? எதைக் கொண்டுவந்து வைத்தாலும், இங்கேயே இருக்கிறது, இங்கேயே இருக்கிறது என்கிறாள். அருவி இருக்கிறது, பள்ளம் இருக்கிறது, ஒளி இருக்கிறது. வடசென்னையில் இல்லாதது உலகில் இல்லையாம். நான் இதை மறுக்க வந்தவன் அல்ல. ஆனால் ஒன்று கேட்கிறேன். அக்கா, நீ கடலுக்கா பயப்படுகிறாய்? விடியற்காலையில் காசிமேட்டில் ஏலத்தில் நின்று, மீசை வைத்தவனையெல்லாம் ஒரு முறைப்பில் பின்வாங்க வைக்கிறவள், அலைக்கா அஞ்சுவாய்? இல்லை. எனக்குத் தெரியும். நீ அந்த அருவிக்குப் பயப்படுகிறாய். அந்தப் பச்சை வெளிச்சத்துக்குப் பயப்படுகிறாய். அவ்வளவு பெரியதைப் பார்த்த கண், திரும்பி வந்து நம் தெருக் குழாயைப் பார்க்குமா? இந்த வீட்டை வீடு என்று சொல்லுமா? பெரிதைக் கண்டவளுக்கு நாம் சிறிதாகிவிடுவோமோ?

அதோ! முதுகு முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொள்கிறது.

அப்படியானால் இப்போது, அவையோர்களே, நான் சத்தியம் செய்த கதைக்கு வருகிறேன். இதுவரை சொன்னது வெறும் புளுகு. இனிமேல் சொல்வதைத்தான் நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

மகிழினி பள்ளிக்கூடம் சேர்ந்த புதிது. மழை விட்ட மறுநாள். எண்ணூர் முகத்துவாரத்தில் இறால் வாங்கி, ஐஸ் போட்டு, கூடையோடு நானும் அக்காவும் ஷேர் ஆட்டோவில் மாத்தூருக்குக் கிளம்பினோம். அத்திப்பட்டுப் பக்கத்தைச் சுற்றி வந்தான் ஓட்டுநர். உப்பளங்களுக்கு நடுவே டயர் பஞ்சர். எல்லோரும் இறங்கினோம். அக்கா கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு ஓட்டுநரைத் திட்ட ஆரம்பித்தாள். திட்டு என்றால் சாதாரணத் திட்டா? அவன் டயரைத் திட்டி, டயரின் பரம்பரையைத் திட்டி, ரப்பர் மரத்துக்கு வந்து சேரும்போது, சும்மா இப்படித் திரும்பினாள்.

உப்பளம் முழுக்க மழைத் தண்ணீர். காற்று இல்லை. ஒரு பாத்தி தப்பாமல் எல்லாப் பாத்தியிலும் வானம் படுத்திருந்தது. மேகத்தின்மேல் மேகம், நடுவில் கோடு கிழித்ததுபோல வரப்பு. அந்தக் கீழ் வானத்தில் ஒரு லட்சம் பூநாரைகள் ஒற்றைக் காலில் நின்றன. தண்ணீரிலா, மேகத்திலா? யாராலும் சொல்ல முடியாது. உப்பளம் மனிதன் வெட்டியதுதானே, அது எப்படி இயற்கை அதிசயம் என்று கேட்பீர்கள். பாத்தியை வெட்டியவன் மனிதன். அதில் வானத்தை ஊற்றியவன் யார்?

அப்போதுதான் அந்த அதிசயம் நடந்தது. நயாகரா நின்றது என்றேனே, அது பொய். இது நின்றது. பச்சையம்மாவின் பேச்சு நின்றது! பாதி வார்த்தையில் நின்றது! தலையில் ஏற்றினால் விற்று முடிக்கும்வரை தரையில் வைக்காத கூடையை, எங்கள் அம்மா செத்த சேதி வந்தபோதுகூட இடுப்புக்கு மாற்றிக்கொண்டு ஓடிய அந்தக் கூடையை, குனிந்து மண்ணில் இறக்கி வைத்தாள்.

டயர் மாற்றியாயிற்று. "யம்மா, ஏறு, நேரமாவுது" என்றான் ஓட்டுநர். இவள் காதிலேயே விழவில்லை. ஆட்டோ போய்விட்டது. ஐஸ் உருகிக் காலில் வழிந்தது. நெடுநேரம் கழித்து என்னைக் கேட்டாள், மெதுவாக, தூங்கும் குழந்தைக்குப் பக்கத்தில் பேசுவதுபோல:

"தொர... இது எத்தினி நாளா இங்க கீது?"

வெகுநாளாக இருக்கிறது என்றேன். கூடையைத் தூக்கினாள். "யாராண்டயும் சொல்லாத. ஆட்டோ ரிப்பேருன்னு சொல்லு" என்றாள்.

இதோ, கத்துகிறாள்! "டேய் தொர! பொய் சொல்லாதடா! அன்னிக்கு ஆட்டோதான் ரிப்பேரு!"

அவையோர்களே, நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள். ஒரு நாள் இந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு இறால் தொக்கு வந்ததே, நினைவிருக்கிறதா? வெயிலேறிப்போய் மாத்தூரில் விற்க முடியாத இறாலைப் பச்சையம்மா அண்டாவில் போட்டு வதக்கி, எல்லோருக்கும் வாரிக் கொடுத்தாளே? கமால் பாய், நீங்கள் சொல்லுங்கள். "ஆமா மாமு, நானே ரெண்டு வாட்டி துன்னேன். இன்னா விசேசம்னு கேட்டதுக்கு, குந்தித் துன்னு, கேள்வி கேக்காதன்னுச்சு." மாடியில் ஐரீன் அம்மையாரும் துண்டை விட்டுவிட்டுத் தலையாட்டுகிறார்! சாட்சி போதுமா?

மகிழினி அங்கே போகிறாள். அம்மாவின் நாற்காலிக்கு முன்னால் குந்திவிட்டாள். மைக் இல்லாமலே கேட்கிறது. "எனக்கு அந்தத் தொக்கு ஞாபகம் கீதும்மா. நீ அன்னிக்கு அத்தப் பாத்தியா? ஏம்மா எனக்குச் சொல்லல?"

நான் சொல்கிறேன் கேள், மருமகளே. சொல்லியிருந்தால் நீ அன்றே கிளம்பியிருப்பாய். ஆனால் அக்கா, நீயும் ஒன்றைக் கேள். அவ்வளவு பெரிய வானத்தைக் காலடியில் கண்டவள் நீ. கண்டவள் என்ன செய்தாய்? அங்கேயே தங்கிவிட்டாயா? நம் தெரு உனக்குச் சிறிதாகிவிட்டதா? வந்தாய். அடுப்பை மூட்டினாய். தெருவுக்கே சோறு போட்டாய். மறுநாள் விடியலில் அதே கூடையைத் தூக்கினாய். பார்த்தவள் திரும்பி வந்தாய் அல்லவா? உன் பெண் மட்டும் எப்படி வராமல் போவாள்?

அமைதி! அமைதி! நாற்காலி நகரும் சத்தம். தாய்மார்களே, வழிவிடுங்கள். முதுகு போய் முகம் வருகிறது! மைக்கை எடுத்துப் போக வேண்டாம் தம்பி, அந்தக் குரல் காட்டுப்பள்ளி வரை கேட்கும்.

கேட்டீர்களா? பின்வரிசைக்குக் கேட்காவிட்டால், அவள் தம்பி நான் ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் திருப்பிச் சொல்கிறேன். என் வாழ்க்கையில் இதுவே முதல் முறை.

"போன்ல போட்டோ அனுப்பாத. எனக்கு அது வோணாம். எதுனா பாத்தின்னா நின்னு பாரு, வேலையப் பாக்காத, ஒரு நிமிசம் நில்லு. அப்பால வந்து, எம் பக்கத்துல குந்தி, உன் வாயால சொல்லு. போய்ட்டு... வா."

தாய்மார்களே, கண்ணைத் துடைத்துக்கொள்ளுங்கள். கமால் பாய், அது பொன்னாடை, அதில் மூக்கைச் சிந்தாதீர்கள். நேரமாகிவிட்டது என்று தலைவர் மணியைத் தேடுகிறார். மணி என் சட்டைப்பையில் இருக்கிறது, தேடிப் பயனில்லை.

இனி நான் விடைபெற வேண்டும். நீங்கள் நம்பாமல் கேட்டதற்கு நன்றி. போகுமுன் கணக்கை நேர்செய்துவிடுகிறேன். நயாகரா பொய். பள்ளத்தாக்கும் பச்சை முகமும் பொய். நான் கும்மிடிப்பூண்டிக்கு அப்பால் கால் வைத்ததே இல்லை. ஒரு லட்சம் பூநாரை என்றேன். பத்துப் பதினைந்து இருக்கும், அதிலும் பாதி கொக்கு. பாத்தியில் வானம் மட்டுமா தெரிந்தது? அனல்மின் நிலையத்தின் புகைபோக்கியும் தலைகீழாகத் தெரிந்தது. அவள் நெடுநேரம் நின்றாள் என்பதும் கொஞ்சம் இழுத்துச் சொன்னதுதான்.

ஆனால் இதில் ஒரு சின்னத் துண்டு மெய். அவள் கூடையைக் கீழே இறக்கி வைத்தாள்.

வணக்கம். எல்லோரும் போய்ட்டு வாங்க!